கசாயம் ஊற்றிய கை

போடி பஸ் ஸ்டாண்டில் நிலவேம்புக் கசாயத்தைப் பேப்பர் கப்பில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாடை பட்டதுமே என் தாடை இறுகிக்கொண்டது. மலைமேல் எங்கள் ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயம், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள், இருந்த இடத்தில் இப்போது ரிசார்ட்டு நிற்கிறது, தாடைக்கு அதெல்லாம் தெரியாது.

கோடைக்கு அடிவாரத்துச் சிலமலை ஊருக்கு இறங்கியிருந்துவிட்டு, சாரல் தொடங்கும்போது ஜீப்பில் நெருக்கியடித்துத் திரும்பி ஏறுவோம். வெயிலிலிருந்து குளிருக்கு வந்த பிள்ளைகளுக்கு ஏறிய அன்றைக்கே கசாயம். பெற்றவளுக்குக் கை இளகிவிடும் என்று, லயத்தில் அவரவர் பிள்ளையை அடுத்த வீட்டுக்காரியிடம் விடுவதுதான் வழக்கம்: என்னைப் பேச்சியத்தையிடம், அவள் மகன் முருகனை என் அம்மாவிடம். அத்தை என் தொடையை முழங்காலால் அமுக்கி, மூக்கைப் பிடித்து, பல்லுக்கிடையில் கரண்டிக் காம்பைத் திருகி ஊற்றுவாள். கடித்தால் அறை, கக்கினால் மறுபடியும் முதலிலிருந்து, சுவருக்கு அந்தப் பக்கம் முருகனும் இப்படியே அலறுவான்.

ஒரு வருஷம் அவன் அலறவில்லை. "பிள்ளை நடுங்குறான் மதினி, மனசு வரல, விட்டுட்டேன்" என்றாள் அம்மா. அந்தச் சாரலிலேயே அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஜீப்பு போடி போய்ச் சேரும் முன்னே உயிர் போய்விட்டது. கசாயம் காப்பாற்றியிருக்குமா என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்த வருஷம் அம்மாவே என்னை இழுத்துப்போய் அத்தை முன்னால் உட்காரவைத்துவிட்டு வாசலில் நின்றாள். அத்தையின் முகத்தைப் பார்த்து நானாகவே வாயைத் திறந்தேன். அப்படியும் அறைந்தாள். பிறகு ஊற்றினாள், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.