நடுச்சுவரில் தட்டினால்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பக்கத்து வீட்டுக்குப் பனியன் கம்பெனி வாடகைக்கு வந்த மூன்றாம் நாளே சண்டைக்குப் போய்விட்டேன். திருப்பூரில் அப்போது தெருவுக்கு ஒரு கம்பெனி முளைத்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் காலமாகி நாலு வருஷம். மகளைத் தாராபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தேன். அறுபத்தாறு வயதில் ஒண்டியாக இருக்கிறவள், நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் நாலு நிட்டிங் மெஷினை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் பண்ணுவாள்? அலமாரியில் டம்ளர்கள் நாள் பூராவும் கிணுகிணுத்தன.

"ஏம்ப்பா, இது ஊடா, ரயில்வே ஸ்டேஷனா?" என்று அவர்கள் வாசலில் நின்று கத்தினேன். மேஸ்திரி சின்ன வயசுக்காரர். திருப்பிக் கத்தியிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அவரோ தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "கோவிச்சுக்காதீங்கம்மா. உங்களுக்கு முடியலைன்னா செவுத்துல ரெண்டு தட்டு தட்டுங்க. நிறுத்திப்போடறோமுங்க. கொஞ்ச நேரங்கழிச்சு ஓட்டிக்கறோம்" என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை. பித்தளைச் செம்பால் தட்டுவேன், மெஷின் நிற்கும். கால் மணி நேரம் கழித்து ஆரம்பிப்பார்கள். முதலில் தலைவலிக்காகத் தட்டினேன். அப்புறம் பகல் தூக்கத்துக்காக. அப்புறம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சும்மாவே தட்டினேன். காலையில் பால்காரரிடம் ஒரு வார்த்தை பேசினால் அத்தோடு சரி. அன்றைக்கு முழுக்க நான் சொல்லி யாராவது எதையாவது கேட்டார்கள் என்றால் அது இது ஒன்றுதான். மெஷின் நின்றால், அந்தப் பக்கம் நாலு பேர் என்னை நினைத்தார்கள் என்று வைத்துக்கொள்வேன்.

வீட்டுப் பின்புறம் புடக்காளியில், அதே நடுச்சுவர் ஓரமாகத்தான் குளிக்கிற கல். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு காலை, குளித்துவிட்டு எழுந்தபோது பாசி வழுக்கிவிட்டது. இடுப்பு கல்லில் மோதியது. வலது காலை அசைக்க முடியவில்லை. மேலே பாதிச் சேலைதான் இருந்தது. கூப்பிட்டேன். மெஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. செம்பு கைக்கெட்டியது. தட்டினேன்.

மெஷின் நின்றது.

இப்போது கூப்பிட்டால் கேட்கும். வாய் வரவில்லை. அந்தப் பக்கம் முழுக்க ஆம்பளைகள். இந்தக் கோலத்தில் கிடக்கிறேனே என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊரெல்லாம் நீளுகிற வாய், அன்றைக்குப் பார்த்து! தட்டிக்கொண்டே இருந்தால் யாராவது வந்து பார்க்க மாட்டார்களா என்று மறுபடி தட்டினேன். நின்ற மெஷினை அவர்கள் இன்னும் எப்படி நிறுத்துவார்கள்? கால் மணி நேரம் கழித்து ஓட்டினார்கள். தட்டினேன். நிறுத்தினார்கள். இப்படியே நாலு தடவை. ஈரச் சேலையில் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. பாவிகளா, ஒரே ஒரு தடவை கோபப்பட்டு, என் வாசலில் வந்து நின்று திட்டக் கூடாதா என்று அழுதேன்.

ஐந்தாம் தடவை தட்டியபின் செருப்புச் சத்தம் கேட்டது. என் முன்வாசலில் வந்து நின்றது. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"அம்மா," மேஸ்திரியின் குரல். "இன்னைக்கு உங்களுக்கு ரொம்பத் தொந்தரவாப் போச்சாட்ட இருக்குதுங்க. இனி ஓட்டலீங்க. ஆளுகளை ஊட்டுக்கு அனுப்பீட்டேன், நானும் கெளம்பறேன். நீங்க நிம்மதியாப் படுத்துத் தூங்குங்க."

செருப்புச் சத்தம் திரும்பி நடந்தது.

வெட்கம் எங்கே போனதோ. "கண்ணு!" என்று அலறினேன். அதுவரை அவரை 'ஏம்ப்பா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். "கண்ணு, போயிராதீங்க! மெஷினை ஓட்டுங்க, ராத்திரி பகலா ஓட்டுங்க, நான் தட்டவே மாட்டேன். என்னைத் தனியா விட்டுட்டுப் போயிராதீங்க!"

வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை.

செருப்புச் சத்தம் நின்றது. பிறகு ஓடி வந்தது.