அக்கா என்னிடம் தோற்ற கோடை

பத்து வயதுவரை நான் ஒரு சண்டையிலும் ஜெயித்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை, ஏனென்றால் என் எதிரி அப்படிப்பட்டவள். என் அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள், என்னைவிட ஒன்றரை முழம் உயரம், நகம் வளர்ப்பதில் மிகுந்த அக்கறை உள்ளவள். அடியைவிட அவள் வாய்தான் வலிக்கும். "மலைக்கு மொட்ட அடிக்க வந்தவங்க உன்ன மறந்து வுட்டுட்டுப் போய்ட்டாங்க. பாவமாச்சேன்னு அம்மா தூக்கிகினு வந்துச்சு" என்பாள். மற்ற ஊர்களில் பிள்ளைகளைத் தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்வார்கள். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். திருத்தணியில் அக்கா சொன்னது நடக்கக்கூடிய காரியம். கிருத்திகைக்குக் கிருத்திகை மைக்கில் பச்சைச் சட்டை போட்ட குழந்தை, மஞ்சள் கவுன் போட்ட குழந்தை என்று அறிவித்துக்கொண்டேதான் இருப்பார்கள். ஆறு வயதுவரை நான் தெருவில் போகிற மொட்டைத்தலைக் குடும்பங்களை எல்லாம் உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன், யாருக்காவது என் மூக்கு இருக்கிறதா என்று.

மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. ஒரு டிவி, ஒரு மேஜை மின்விசிறி, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பில் இரண்டே துண்டு ஈரல். சண்டைக்கு வேறு காரணம் வேண்டுமா? ரிமோட் அக்காவிடம். மின்விசிறிக்கு நேர் எதிரே படுக்கிற இடம் அக்காவுக்கு. ஈரலில் பெரிய துண்டு அக்காவுக்கு, எனக்கு மிஞ்சுகிற சின்னத் துண்டையும் நான் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காக்க வேண்டும். கடிப்பதற்கு எனக்கு நல்ல பல் இருந்தது. ஆனால் கடிக்கிற தூரத்துக்கு அவள் என்னை விட்டால்தானே.

நைனா என்று நாங்கள் கூப்பிடுகிற அப்பாவையும் அவள் விடமாட்டாள். நைனாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை. பெட்டிகளுக்கு அடியில் படுத்துப் பழுது பார்ப்பார். சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அக்கா பேப்பரைத் தூக்கிக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்துவிடுவாள். அரசியலோ கிரிக்கெட்டோ, அவர் ஒன்று சொல்ல இவள் ஒன்று சொல்ல, கடைசியில் "உனுக்கு ஒண்ணும் தெரியாது, கம்னு இரு நைனா" என்பாள். அவர் வாய்கொள்ளாமல் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவின் ஊர் மணவூர். போகும்போதும் வரும்போதும் ரயிலில் ஜன்னலோரம் அக்காவுக்குத்தான். ஒருமுறை திரும்பி வருகையில் மலை தெரியத் தொடங்கியது. பெட்டியில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு அக்காவின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. "தள்ளு, சாமி கும்பிடணும்" என்றேன். "அங்கேந்தே கும்புடு, முருகனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்றாள். எனக்கு அழுகை முட்டியது. கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே வேண்டிக்கொண்டேன். முருகா, என் அக்கா எல்லாத்திலும் என்கிட்ட தோத்துப் போகணும். தோத்துட்டா உன் படி அத்தனைக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைக்கிறேன்.

அந்த வேண்டுதல் எங்கள் ஊரில் சாதாரணம். குழந்தை பிறந்ததற்கு, நோய் தீர்ந்ததற்கு, வேலை கிடைத்ததற்கு என்று பெண்கள் குனிந்த தலை நிமிராமல் படிக்குப் படி பொட்டு வைத்துக்கொண்டே மலையேறுவார்கள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. அக்காவைத் தோற்கடிப்பதற்காக அதை வேண்டிக்கொண்ட ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தக் கோடையில் அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். நைனா அரக்கோணத்திலிருந்து ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். அக்கா சென்னையில் ஒரு காலேஜுக்குக் கணக்குப் படிக்க எழுதிப் போட்டாள். இடமும் கிடைத்துவிட்டது. அவளாகவே பஜாருக்குப் போய் நீல நிறத்தில் தோள்பை ஒன்று வாங்கி வந்து ஆணியில் மாட்டி வைத்தாள். நான் அதைத் தொட்டதற்கு என் முதுகில் ஒன்று விழுந்தது.

பிறகு என்ன ஆனதென்றால், நைனா வேண்டாம் என்றுவிட்டார். விடிவதற்கு முன் கிளம்பி, இருட்டிய பிறகு வந்து, பெண் பிள்ளை தினமும் அவ்வளவு தூரம் ரயிலில் போவதாவது என்றார். ரயிலைப் பழுது பார்க்கிற மனிதருக்கு ரயில்மேல் நம்பிக்கை இல்லை. ஹாஸ்டல் அதைவிட மோசம் என்றார். அக்கா கெஞ்சினாள், கத்தினாள், பிறகு சாப்பிடுவதை நிறுத்தினாள். மூன்று நாள். நான் அதைப் புதுச் சுடிதாருக்காக நடக்கும் சத்தியாக்கிரகம் என்று நினைத்தேன். அதில் ஒரு நாள் ஞாயிறு. இரண்டு துண்டு ஈரலையும் நானே தின்றேன். முருகன் வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

நாலாம் நாள் காலை அக்கா எழுந்து, குளித்து, இட்லி தின்றாள். நைனா அவளுக்குத் தெரியாமல் பெருமூச்சு விட்டார். அன்று மத்தியானம் அவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் அடிக்குத் தயாராக ஒரு தோளை முன்னால் விட்டுக்கொண்டு நான் கையை நீட்டினேன். அவள் ரிமோட்டை என் கையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அப்புறம் மளமளவென்று கோட்டைகள் விழுந்தன. மின்விசிறிக்கு எதிரே என் பாயைப் போட்டேன், அவள் தன் பாயைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டாள். பெரிய ஈரல் என் தட்டுக்கு வந்தது. மணவூர் போகிறபோது, "நீ உக்காரு" என்று ஜன்னலோரத்தைக் காட்டினாள். ஒரு நாள் அந்த நீலப் பையை ஆணியிலிருந்து எடுத்து, "ஸ்கூலுக்கு எடுத்துகினு போ, எனுக்கு வேணாம்" என்றாள். என் பாதி உடம்பை மறைக்கிற அந்தப் பையை மாட்டிக்கொண்டு நான் தெருவில் மூன்று தடவை நடந்து காட்டினேன்.

ஒரு வாரம் ராஜ வாழ்க்கை. இரண்டாவது வாரம் என்னவோ போல் இருந்தது. ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒன்றாம் சேனலிலிருந்து கடைசிவரை போவேன், கடைசியிலிருந்து ஒன்றுக்கு வருவேன். எதைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லாதபோது எதையும் பார்க்கத் தோன்றவில்லை. மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் அடித்துக் கண் எரிந்தது. ஈரல் கொஞ்சம் கசக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பத்து வருஷமாக எவளுடைய தலைக்குப் பின்னால் உலகமே இருக்கிறது என்று நினைத்தேனோ, அந்த ஜன்னலில் பார்த்தால் வேலிகாத்தான் முள்ளும் மின்கம்பமும்தான் மாறி மாறி வந்தன. இதற்கா இவ்வளவு சண்டை போட்டோம் என்றிருந்தது.

சும்மா இருக்க முடியாமல் அவளைச் சீண்டிப் பார்த்தேன். அவள் துப்பட்டாவை ஒளித்து வைத்தேன். வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பாயில் தண்ணீர் ஊற்றினேன். வெயிலில் காயப் போட்டாள். "உன்னத்தான் மொட்ட அடிக்க வந்தவங்க வுட்டுட்டுப் போனாங்க" என்று அவளுடைய ஆயுதத்தையே எடுத்து அவள்மேல் வீசினேன். "இருக்கும்" என்றாள். சண்டைக்கு ஆள் கிடைக்காமல் ஒருத்தி அழுவாளா? நான் புழக்கடையில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டில் மற்றவர்களுக்கு நிம்மதி. "இப்பத்தான் ரெண்டும் அடங்கிகினு கீதுங்க" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள். "பெரியவளுக்குப் பொறுப்பு வந்துட்ச்சி" என்றார் நைனா. சொன்னாரே தவிர, அவரும் சரியாக இல்லை. சாயங்காலம் வந்து பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவார். அக்கா காபியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவர் வேண்டுமென்றே அசட்டுத்தனமாக ஏதாவது சொல்லுவார், இந்தத் தடவை நம்ம டீம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காது, பார்த்துக்கொள் என்பதுபோல. உள்ளேயிருந்து பதில் வராது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"ஏம்மா, ஒண்ணுமே பேச மாட்டன்றியே?"

"இன்னா பேசணும், சொல்லுங்க நைனா, பேசறேன்" என்றாள் அக்கா.

அதுவரை எங்கள் வீட்டில் நைனாவிடம் யாரும் 'சொல்லுங்க' என்று சொன்னதில்லை. அவர் பேப்பரை மடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் சேனலை மாற்றிக்கொண்டே இருந்தேன், அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரும் என்னைப்போல முழுசாக ஜெயித்துவிட்டு முழித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஏழு வருஷம் கழித்து அவரே சீசன் டிக்கெட் எடுத்துக் கொடுத்து என்னை அதே சென்னைக்குப் படிக்க அனுப்பினார். ஒரு வார்த்தைகூட நான் வாதாட வேண்டியிருக்கவில்லை. அது வேறு கதை.

கடைசியில் எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. முருகனிடமே போய் அக்காவைப் பழையபடி ஆக்கிக் கொடு என்று கேட்க வேண்டும். ஆனால் முதல் வேண்டுதலைச் செலுத்தாமல் இரண்டாவதை எந்த முகத்தோடு கேட்பது? அம்மாவிடம் போய்ப் படிக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்றேன். எதற்கு என்றாள். பரீட்சைக்கு என்று புளுகினேன். அம்மா பூரித்துப்போனாள். "சாமிக்கு நேந்துகினத நாள் கடத்தக் கூடாது. ஞாயித்துக்கெழம அக்கா கூடப் போ" என்று மஞ்சளும் குங்குமமும் வாங்கி வந்துவிட்டாள்.

காலையிலேயே கிளம்பினோம். அக்கா மஞ்சளைக் குழைத்துத் தடவிக்கொண்டு முன்னால் போனாள், நான் பின்னால் குங்குமம் வைத்துக்கொண்டு போனேன். ஆர்வக்கோளாறில் முதல் ஐம்பது படிக்கு அப்பி அப்பி வைத்ததில் பாதி வழியிலேயே குங்குமம் தீருகிற நிலைமை. "ஏய் பைத்தியம், கடுகளவு வெய்யி" என்றாள் அக்கா. ஒரு மாதத்தில் அவள் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் உளறிவிட்டேன்.

இடுப்பு வலிக்கிறது என்று நிழலாக இருந்த ஒரு படியில் உட்கார்ந்தோம். பரீட்சைக்குத்தானா வேண்டிக்கொண்டாய் என்று கேட்டாள். இல்லை என்றேன். நீ எல்லாவற்றிலும் தோற்றுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், அப்படியே நடந்துவிட்டது, இப்போது எனக்கு அது வேண்டாம், மாற்றிக் கொடுக்கச் சொல்லத்தான் போகிறேன் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, அடிப்பதற்கு வசதியாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மலையேறிக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "அடிப்பாவி, நீதானா? நான் நைனாதான்னு நெனச்சிகினு, ஒரு மாசமா அவர் மூஞ்சியக்கூட பாக்காம கீறனே!" மஞ்சள் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்துத் தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். வலிக்கவே இல்லை. "நல்லா கிள்ளு" என்றேன். "எந்திரி, படி இன்னும் நெறைய கீது" என்றாள்.

மேலே போய் என் இரண்டாவது வேண்டுதலைச் சொன்னேன். அக்கா என்ன வேண்டினாள் என்று தெரியாது. கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள், உதடு அசையவில்லை.

இறங்கி வரும்போதே நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அக்கா நைனாவைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தாள், இப்போது உண்மை தெரிந்துவிட்டது, இதை நைனாவிடமும் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அவர் அக்காவைக் கூப்பிடுவார், இரண்டு பேரும் பேப்பரை வைத்துக்கொண்டு கத்துவார்கள், ரிமோட் திரும்ப அவளிடம் போகும், நான் கடிப்பேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா அலுப்பாக இருக்கிறது என்று உள் அறையில் போய்ப் படுத்துவிட்டாள். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் நேரே போய் அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"நைனா, அக்கா தோத்ததுக்கு நீ காரணம் இல்ல. நான்தான் முருகன்கிட்ட வேண்டிக்கினேன். அக்காகிட்ட சொல்லிட்டேன். இத்தினி நாளா நீதான்னு நெனச்சிகினு உன் மூஞ்சிய பாக்காம இருந்துச்சாம்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"அப்டின்னு சொன்னாளா?" என்றார்.

"ஆங். சிரிச்சிகினே சொல்ச்சி."

அவர் பாதிச் சோற்றோடு எழுந்து புழக்கடைக்குப் போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. கை கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வாளி நிரம்பி வழிந்து சிமெண்டுத் தரையில் விழுகிற சத்தமும் கேட்டது. "நைனா, கொழாய மூடு, தண்ணி தீந்துடும்" என்று கத்தினேன். அவர் மூடவில்லை. நானே போய் மூடலாம் என்று எழுந்தேன். அம்மா என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டாள். அதுதான் எனக்கு விளங்கவேயில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் வீணானால் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறவள், கரண்டியைக் கையில் பிடித்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றாள்.