மலையேறிய ராஜபாளையம் பஸ்

பஞ்சுத் தூசியும் டீசல் புகையும் கலந்து மூக்கை அரிக்கும் நெடியோடுதான் இயற்பியல் எனக்குள் நுழைந்தது. நுழைந்த வேகத்திலேயே வெளியேறியும் விட்டது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்குத் தனியார் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன ஒன்பதாம் வகுப்புக் காலம். மில்லில் மேஸ்திரியாக இருந்த அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "பெயிலானா பொறவு மில்லுதாம்லே."

முழுப் பரீட்சையில் ஒரு வரைபடம். கீழே நேரம், பக்கவாட்டில் தூரம். பஸ்ஸின் கோடு சாய்வாக ஏறி, கொஞ்சம் கிடையாக ஓடி, மறுபடி ஏறியது. "பஸ் மலையேறியது, சமதரையில் விரைந்தது, மீண்டும் மலையேறியது" என்று மேதையின் தோரணையில் விளக்கினேன். கிடைக்கோடு என்றால் நேரம் மட்டும் ஓட, பஸ் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்பது உறைக்கவில்லை. நடுவழியில் டிரைவர் டீக்கடைக்குள் நுழைந்துவிட, அசையாத பஸ்ஸுக்குள் தினமும் புழுங்கிய ஜென்மத்துக்கு!

வாத்தியார் என் விடையை வகுப்புக்கே வாசித்தார். "ஏலே, நம்மூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவுல எந்த மலைலே ஏறுத?"

"இன்னும் எறங்கவே இல்ல சார், மேலதான் இருக்கான்" என்றான் செட்டியார்பட்டிக்காரன் ஒருவன்.

அந்த மார்க் போனதில் நான் பெயில். மறுநாள் அப்பா பள்ளிக்கு வந்தார். விடைத்தாளைச் சீண்டக்கூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே மேற்கே கை நீட்டினார். "அம்புட்டுப் பெரிய மலை நிக்குது, இல்லங்கீகளே சார்?"

வாத்தியார் நேரத்தையும் தூரத்தையும் பொறுமையாக விளக்கினார்.

"கோடு சாய்வா இருக்கா, இல்லையா?"

"சாய்வுதான். ஆனா..."

"பொறவென்ன?"

ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது. படித்த மனிதர், ஆளை விட்டால் போதுமென்று மார்க்கைப் போட்டார். நான் தேறினேன். வாத்தியாருக்கே பாடம் நடத்தியதாக அப்பா மில் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அடுத்த வருடம் பொதுத்தேர்வில், எங்கோ உட்கார்ந்து திருத்திய முகம் தெரியாத ஆசாமிக்கு மலையைச் சுட்டிக்காட்ட அவரால் முடியவில்லை. மில்லுக்கே போனேன்.

இன்று அந்த மில் பூட்டிக் கிடக்கிறது. டீக்கடை இல்லை, பஸ்கள் நடுவழியில் நிற்பதும் இல்லை. அப்பாவும் போய்விட்டார். ஒன்பதாவது படிக்கும் என் மகள் கைப்பேசியில் கோட்டைச் சாய்த்துக் காட்டி, "சாய்வு கூடுனா வேகம் கூடுது, புரியுதாப்பா?" என்கிறாள். எல்லாவற்றுக்கும் முழு மார்க் வாங்கித் தொலைக்கிறாள். அவளுக்காகப் பள்ளிக்கூடம் போய் முட்டாள்தனமாகச் சண்டை பிடிக்க எனக்கு ஒரு வாய்ப்பும் வரப்போவதில்லை.