கணக்கில் வராத வெந்நீர்

இலஞ்சியில் முத்துலட்சுமி வீட்டுச் சுவரில் ‘புகையில்லா வீடு’ என்று பச்சை எழுத்தில் எழுதியிருக்கிறது. அந்தச் சுவருக்குள்ளே அவள் படும் பாடு பக்கத்து வீட்டு மூக்கம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். விறகுப் புகையை ஒழித்தால் ஊருக்கும் நல்லது, வானத்துக்கும் நல்லது என்றார்கள். பொய்யில்லை, நல்ல பிள்ளைகள்தான். ஒரு வீட்டுக்கு எவ்வளவு நெருப்பு வேண்டும் என்று பார்த்து, அதற்கேற்ற சாண எரிவாயுத் தொட்டி கட்டுவது அவர்கள் திட்டம். நிவேதா என்கிற பெண் ஒரு வாரம் அடுப்படியில் உட்கார்ந்து அளந்தாள்.

வீட்டுக்கு வந்த பிள்ளை கண்ணில் புகை அடிக்கலாமா? முத்துலட்சுமி அந்த வாரம் முழுக்கப் புறவாசல் வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. மாமனார் வல்லிநாயகத்துக்கோ இழுப்பு. பச்சைத் தண்ணீர் மேலே பட்டால் தாங்காது. அவருக்கான வெந்நீரை மூக்கம்மாள் தன் வீட்டில் காய்ச்சி மதில் வழியாக எடுத்துக் கொடுத்தாள்.

அந்த வெந்நீர் கணக்கில் ஏறவில்லை. தொட்டி சின்னதாக வந்தது. புறவாசல் அடுப்பை இடித்துவிட்டு அந்த இடத்திலேயே கட்டினார்கள். சோறும் குழம்பும் ஆனதோடு வாயு தீர்ந்துவிடும். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு மதிலுக்குப் போக வேண்டியதுதான்.

சொல்லிவிடலாம். எந்த வாயால் சொல்வது? வருகிறவர்களெல்லாம் வீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். “போதுமாக்கா?” என்று கேட்டபோதெல்லாம் “தாராளம்” என்று சொல்லியாயிற்று. புருஷன் மணிமுத்து வேறு, “நம்மள நம்பிச் சொவத்துல எழுதியிருக்காவ. வாயத் தொறந்து கேவலப்படுத்திராத” என்று அவள் வாயை அடைத்துவைத்தான்.

ஆனியில் சாரல் பிடித்தது. ஒரு நாள் காலை மூக்கம்மாள் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி, தெரு முழுக்க ஒன் வீட்டு அளவுலதான் தொட்டி கட்டப் போறாவளாம். இன்னைக்கு என் வீட்டுக்குக் குழி வெட்ட வாராவ.”

“நல்லதுதான மதினி.”

“நல்லதுதான். என் அடுப்பையும் இடிச்சிட்டா ஒன் மாமனுக்கு வெந்நி குத்தாலத்துல இருந்தா கொண்டாருவ?”

முத்துலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுபோனது. தன் ஒரு வார்த்தையை நம்பித் தெருவே அடுப்பை இடிக்கப் போகிறது.

மத்தியானம் நிவேதாவும் இன்னும் இரண்டு பேரும் சாரலில் நனைந்து வந்தார்கள்.

“மூக்கம்மாக்கா கேக்கறாங்க, வாயு எல்லாத்துக்கும் போதுமான்னு. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா” என்றாள் நிவேதா.

“தாராளம்” நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மணிமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நனஞ்சி வந்திருக்கிய. மேலுக்கு ஊத்திட்டுப் போங்க, வெந்நி போடுதேன்.”

“வேண்டாம்க்கா, உங்களுக்குச் சிரமம்.”

“என் வீட்டுக்கு வந்தா நான் சொல்லுததுதான். உக்காருங்க.”

பெரிய பானையை நிரப்பி எரிவாயு அடுப்பில் ஏற்றினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நீலச் சுடர் கொஞ்ச நேரம் நின்றது, குட்டையானது, அணைந்தது. நிவேதா எழுந்து வந்து பானைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

“எப்பவும் இப்படித்தானாக்கா?”

“ஆமா. நீங்க அளந்தப்ப ஒங்க கண்ணுல பொகை படுமேன்னு வெந்நி அடுப்பையே பத்தவைக்கல.”

மணிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். நிவேதா போனில் யாரிடமோ, குழி வெட்ட வேண்டாம், முதலிலிருந்து அளக்க வேண்டும் என்றாள். தெருவுக்குத் தொட்டி வர அடுத்த சாரல் ஆகிவிடுமாம். முத்துலட்சுமி வீட்டுத் தொட்டியை இப்போதைக்கு மாற்ற வழியில்லையாம்.

மதிலுக்கு அப்பால் மூக்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப இந்தச் சாரலுக்கும் நான்தான் அடுப்பு ஊதணுமா?”

“நீங்கதான் மதினி.”

“சரி, கொடத்தக் கொண்டா.”