இருவருக்கும் நடுவில் நான் காவிச்சென்ற சொற்கள்

அந்த இருவரும் ஏன் ஒட்டவில்லை என்று இன்றைக்கும் ஆளாளுக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பொட்காஸ்ட் நடத்துகிற இரண்டு பேர் ஒரு மணித்தியாலம் முழுக்க அதைப் பற்றியே கதைத்தார்கள். இருவருக்கும் பந்து கையில் வேண்டும், இருவருக்கும் வயது வித்தியாசம் அதிகம், கோச்சின் திட்டம் பிழை என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். நோர்பரியில் ரயில் ஏறி விக்டோரியாவில் இறங்கும்வரை அதைக் கேட்டேன். அவர்கள் ஒட்டினார்கள். கொஞ்சக் காலம் மிக நன்றாகவே ஒட்டினார்கள். கெடுத்தது நான்.

லண்டனில் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணியில் பிசியோவுக்கு உதவியாளனாக இருக்கிறேன். பெரிய பதவி ஒன்றும் இல்லை. ஆட்டத்துக்கு முன் கணுக்காலுக்கு டேப் சுற்றுவேன், முழங்காலுக்கு ஐஸ் வைப்பேன், இறுகிய தசையைப் பிடித்துவிடுவேன். எங்கள் தமிழ் ஆட்களிடம் சொன்னால், "அப்ப நீர் விளையாடுறேல்லையோ?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள்.

அணியில் இரண்டு நட்சத்திரங்கள் இருந்தார்கள். பெயர் வேண்டாம். ஒருவரை நெட்டையர் என்று சொல்கிறேன். லூயிஷாமில் வளர்ந்தவர், தமிழ் ஆள் இல்லை, வாசல் நிலைக்குத் தலை குனியாமல் அவர் எந்த அறைக்குள்ளும் வந்து நான் பார்த்ததில்லை. வயது முப்பத்து நான்கு. அவருடைய ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிறது, இன்னும் ஒரு வருடம் கிடைத்தால் போதும் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். மற்றவன் எங்கள் பொடியன். ஃபாரஸ்ட் கேட்டில் பிறந்தவன், தாய் தகப்பன் யாழ்ப்பாணம். இருபத்தாறு வயது. அரங்கில் அவன் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது எங்கள் ஆட்கள் பத்துப் பேராவது எழும்பி நிற்பார்கள். என்னை அங்கிள் என்று கூப்பிட்டிருக்கலாம், அதற்குரிய வயது எனக்கு வந்துவிட்டது. அவன் அண்ணா என்றான். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன் என்பதை ஒளிக்க இப்போது அவசியம் இல்லை.

இருவரும் எப்படிப் பொருந்த வேண்டும் என்பது சிக்கலான விஷயம் அல்ல. பொடியன் பந்தோடு வருவான். அவனை மறித்துக்கொண்டு ஓடிவரும் எதிராளியின் வழியில் நெட்டையர் தன் உடம்பைக் கொண்டுவந்து நிறுத்துவார். எதிராளி மோதி நிற்பான், பொடியன் நழுவிவிடுவான். பயத்தில் இரண்டு பேர் பொடியனைத் துரத்தினால் நெட்டையர் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுவார். பொடியன் பார்க்காமலே பந்தை உயரத்தில் எறிவான். அது கீழே வருவதற்கு முன் நெட்டையர் மேலே போயிருப்பார். முழுக்க முழுக்க நம்பிக்கையில் நடக்கிற வேலை. எறிகிறவன் அவர் போவார் என்று நம்ப வேண்டும், போகிறவர் அவன் எறிவான் என்று நம்ப வேண்டும். கைதட்டு யாருக்கு என்பதில்தான் எப்போதும் வில்லங்கம்.

வில்லங்கம் ஒரு தோல்விக்குப் பிறகு வந்தது. மைக்கை நீட்டியவனிடம் பொடியன், நான் தனியாக எவ்வளவுதான் இழுப்பது என்று சொல்லிவிட்டான். வாய்க்கொழுப்பு. திரும்பி வரும் பஸ்ஸில் நெட்டையர் அதைத் தன் போனில் பார்த்தார். அன்றிலிருந்து அவனோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். பொடியனும் லேசுப்பட்டவனா? அவனும் நிறுத்திவிட்டான். கோச் இருவரையும் ஒரு அறைக்குள் இருத்திச் சமாதானம் பேசிப் பார்த்தார். ஒருவர் சுவரைப் பார்த்தார், மற்றவன் சப்பாத்தைப் பார்த்தான். கடைசியில் கோச் என்னிடம் வந்து, இருவரும் உன்னிடம் மட்டும்தான் வாய் திறக்கிறார்கள், நீ ஏதாவது செய் என்றார்.

எனக்கு அந்த வேலை புதிதல்ல. என் அண்ணனும் தம்பியும் நோர்பரியில் ஒரே கடை நடத்துகிறார்கள். எட்டு வருடமாக ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. எங்கள் குடும்பங்களில் கோபம் வந்தால் யாரும் பிரிந்து போவதில்லை, பேச்சை மட்டும் நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே இருப்பார்கள். நடுவில் சொல்லைக் காவ, சுமந்துபோக, ஒருவன் வேண்டும். அந்த வீட்டில் அது நான். சனிக்கிழமைகளில் கடைக்குப் போனால் அண்ணை தொடங்குவார்: "உந்த மொக்கனிட்டைச் சொல்லு, முருங்கைக்காய்ப் பெட்டியை வாசல் குளிருக்கை வைக்க வேண்டாமெண்டு."

நான் தம்பியிடம் போய், "முருங்கைக்காய் வாடுது போலை கிடக்கு, அண்ணை யோசிக்கிறார்" என்பேன்.

"அவருக்கு வேறை வேலை இல்லையாமோ?" என்பான் தம்பி, ஆனால் பெட்டியைத் தூக்குவான்.

நான் திரும்பிப் போய், "சரியெண்டு சொன்னான்" என்பேன்.

காவுகிறவன் சொல்லை உள்ளபடி கொண்டுபோகக் கூடாது. வழியில் முள்ளைச் சீவிவிட வேண்டும். இதில் நான் கெட்டிக்காரன் என்று எங்கள் சொந்தம் முழுக்கப் பேர். கலியாணப் பேச்சு முறிகிற நிலை வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பொய் சொல்கிறேன் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பண்பு என்றுதான் நினைத்தேன்.

அதே பண்பை டேப் சுற்றும் அறைக்குக் கொண்டுபோனேன். கட்டில் இரண்டு, ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம், நடுவில் நான். ஒருவர் இறங்கிப் போன பிறகுதான் மற்றவர் வந்து ஏறுவார். அவன் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று நெட்டையர் எரிந்து விழுந்தால், பொடியனிடம் போய், "நீர் கெதியாத் தந்தால் அவருக்கு வசதியாம் தம்பி" என்பேன். "கிழவன் ஓடிறதே இல்லை அண்ணா" என்று அவன் சிரித்தால், நெட்டையரிடம் வந்து, உங்களுக்காகக் காத்திருக்கத் தயார் என்கிறான் என்பேன். அது வேலை செய்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் வென்றோம். இருவரும் இப்போதுதான் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள் என்று வர்ணனைக்காரர் புளுகினார். வீட்டில் மனைவியிடம் பெருமையடித்தேன். அவள் நம்பவில்லை, "உங்களை நம்பியோ அவங்கள் விளையாடுறாங்கள்?" என்றாள்.

ஆட்டப் பருவம் முடிய இன்னும் சில ஆட்டங்களே இருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், நெட்டையர் கட்டிலில் கிடந்தபடி என் மணிக்கட்டைப் பிடித்தார். அறையில் வேறு யாரும் இல்லை. இடது முழங்கால் சரியில்லை என்றார். மேலே போக முடிகிறது, கீழே வரும்போது அந்தக் காலில் இறங்க முடியவில்லை. சொல்லும்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனிடம் சொல், இன்றைக்கு உயரத்தில் எறிய வேண்டாம், நெஞ்சுக்கு நேரே தரட்டும். என்னால் முடியாது என்று சொல். அதே சொல்லாகச் சொல்" என்றார். பிறகு, "பிசியோவுக்கும் கோச்சுக்கும் தெரிய வேண்டாம். தெரிந்தால் என்னைப் பெஞ்சில் இருத்திவிடுவார்கள், கோடையில் எனக்கு ஒன்றும் இல்லாமல் போய்விடும்" என்றார்.

பிசியோவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் குற்றம் தனி. ஆனால் அதைவிடப் பெரியதை அடுத்த பத்து நிமிடத்தில் செய்தேன்.

பொடியன் வந்து மற்றக் கட்டிலில் ஏறினான். அவனுடைய கணுக்காலில் டேப்பைச் சுற்றிக்கொண்டே யோசித்தேன். முடியாது என்ற சொல்லை அந்த மனுசன் எத்தனை வருடத்துக்குப் பிறகு சொல்லியிருப்பார்? இதை இவனுடைய வாயில் போட்டால் என்ன ஆகும்? கிழவன் முடிந்தான் என்று நாலு பேருக்கு முன் சிரிப்பான். அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். கை தன்பாட்டில் டேப்பைச் சுற்றியது, வாய் தன்பாட்டில் முள்ளைச் சீவியது.

"தம்பி, இண்டைக்குப் பந்தைக் கொஞ்சம் பதிவா, உயர்த்தாமல் தந்தால் அவருக்கு விருப்பமாம். ஏலுமெண்டால்."

"விருப்பமோ? எல்லாருக்கும் விருப்பம் இருக்குத்தானே அண்ணா" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, பாப்பம்" என்றான்.

நான் வெளியே வந்தபோது நெட்டையர் வாசலில் நின்றிருந்தார். சொன்னேன், சரி என்றான் என்றேன். அவர் என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

முதல் பாதி முழுக்கப் பொடியன் பந்தைப் பதிவாகத்தான் கொடுத்தான். நெஞ்சுக்கு நேரே, கைக்குள் வைத்தது போல. நான் பெஞ்சின் ஓரத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து மூச்சு விட்டேன். நானே என்னை மெச்சிக்கொண்டேன், கடவுளே. கடைசிக் காற்பகுதியில் நாங்கள் பின்தங்கிவிட்டோம். இரண்டு பேர் பொடியனை மூலையில் அமுக்கினார்கள். பதிவாகக் கொடுக்க அவனுக்கு இடம் இல்லை. ஒரு ஆளின் விருப்பத்துக்காக ஆட்டத்தை விட யாரால் முடியும்? உயரத்தில் எறிந்தான். அந்தப் பருவத்தில் அவன் எறிந்ததிலேயே அழகான பந்து அதுதான். நெட்டையர் மேலே போனார், பந்தைப் பிடித்துக் கூடைக்குள் அடித்தார், அரங்கு எழும்பியது, அவர் இடது காலில் இறங்கினார்.

அவர் கால் மடிந்து விழுந்தார். முழங்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பொடியனைப் பார்த்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் முழந்தாளிட்டபோதும் என்னைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தார்.

சத்திரசிகிச்சை முடிந்தது. இனி விளையாட ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். பொடியன் என்னிடம் வந்தபோது முகம் செத்திருந்தது. "அண்ணா, நான் வேணுமெண்டு எறியேல்லை எண்டு அவருக்குச் சொல்லுங்கோ. காலிலை நோவு எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் பந்தை வெளியிலை எறிஞ்சிருப்பன், சத்தியமா."

அவன் சிரித்திருக்க மாட்டான். அந்த நிமிடம் அது எனக்கு விளங்கியது. அவனுக்கு நான் கொடுத்த குணம் அவனுடையது அல்ல, நானே கட்டிய கதை.

லூயிஷாமுக்குப் போனேன். நெட்டையர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். காலுக்கு இடம் போதாமல் ஒரு கதிரையும் போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன், அது உண்மை. நான் வாய் திறக்க முன் அவர் கேட்டார்.

"நீ அவனிடம் சொன்னாயா?"

"சொன்னேன்."

"முடியாது என்று? அதே சொல்லாக?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டதுபோலத்தான் கேட்டார். உயரத்தில் வந்த பந்தை விட்டுவிடத் தனக்குப் பழக்கமில்லை, அவன் எறிய மாட்டான் என்று நம்பியிருந்ததால் யோசிக்கவும் இல்லை என்றார். நான் அந்தக் காலைப் பார்த்தேன். என் வேலை, என் பேர், எல்லாம் அந்தக் கதிரையில் கிடந்தன.

"ஓம், அதே சொல்லாகத்தான் சொன்னேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நான் எழும்பிப் போகும்போது நன்றி என்று வேறு சொன்னார்.

பொடியன் அடுத்த நாள் டேப் அறை வாசலில் காத்துக்கொண்டு நின்றான். "சொன்னீங்களோ அண்ணா? என்ன சொன்னவர்?"

"சொன்னன் தம்பி. கோவம் ஒண்டும் இல்லையாம்."

அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். எனக்கு என்மேல் வந்த அருவருப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தக் கோடையில் அவன் வெளிநாட்டு அணி ஒன்றுக்குப் போய்விட்டான். மூன்று கடிதம் நெட்டையருக்குப் போட்டதாகவும் ஒன்றுக்கும் பதில் இல்லை என்றும் போனில் சொன்னான். கோபமில்லாத ஆள் ஏன் பதில் போடவில்லை என்று அவனுக்கு விளங்கவில்லை. அவர் அப்படித்தான் தம்பி, எழுதுகிற ஆள் இல்லை என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னேன்.

நெட்டையர் இப்போது நடக்கும்போது காலை இழுக்கிறார் என்று கேள்வி. பொடியன் தன்னை வேண்டுமென்றே முடித்துவிட்டான் என்று நம்பிக்கொண்டுதான் அந்தக் காலோடு படியேறுகிறார். இருவரின் எண்களும் என் போனில் இருக்கின்றன. ஒரு நிமிடத்து வேலை. எத்தனையோ தரம் எடுத்து வைத்துவிட்டேன். நான் பேடி, வேறு சொல் இல்லை.

ஆனபடியால் இங்கே எழுதுகிறேன். எதையும் சீவாமல், நடந்தபடியே எழுதியிருக்கிறேன். பொடியனுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. நெட்டையருக்குக் கதைக்கவும் வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன்.