சிவப்பு ராஜா காத்திருக்கிறான்

யேசுதாசுக்கு 'க' வராது. அடியோடு வராது என்றில்லை. தொண்டை வரைக்கும் வந்துவிட்டு, அதற்கு மேல் நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். காஞ்சிபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு, அதுவும் காமாட்சி அம்மன் கோயில் ஸ்டாண்டில் வண்டி போட்டிருப்பவனுக்கு, இதைவிட வம்பான எழுத்து வேறு எது வாய்க்கும்? கோயில், கடை, கச்சபேஸ்வரர், கைலாசநாதர் என்று ஊரே அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

ஆகவே அவன் சுற்றுவழியில் போகப் பழகிக்கொண்டான். காமாட்சி அம்மன் கோயில் அவன் வாயில் 'அம்மன் சன்னிதி'. கைலாசநாதர் 'பழைய சிவன்'. பட்டுக் கடையைப் 'புடவை எடுக்கிற இடம்' என்பான். சவாரிக்கு வருகிறவர்கள், இவன் மென்மையாகப் பேசுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டால் மீதியை அவர்களே முடித்துவிடுவார்கள்.

முடித்து வைப்பதற்குத்தான் உலகத்தில் ஆளுக்குப் பஞ்சமே இல்லையே! முசரவாக்கம் கிராமத்து வீட்டில் இருந்தால் மனைவி பிரவீனா. ஸ்டாண்டில் இருந்தால் சிட்டிபாபு. சிட்டிபாபுதான் ஸ்டாண்டில் மூத்தவர், எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். யேசுதாஸ் வாயைத் திறந்ததுமே, "அதாவது தாஸு இன்னா சொல்றான்னா" என்று ஆரம்பித்துவிடுவார். பாசத்தில்தான் செய்தார், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் தாஸு சொல்ல வந்தது என்ன என்பது இத்தனை வருடத்தில் ஸ்டாண்டில் ஒருவருக்கும் தெரியாது.

இப்படி இருந்தவனுடைய போனில்தான் சிவப்பு ராஜா வந்து இறங்கினான்.

இறக்கி வைத்தவன் பிரவீனாவின் தம்பி அருள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஸ்டாண்டில் மாமா சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். ஒரு நாடு நமக்கு, ஒரு நாடு கம்ப்யூட்டருக்கு, அதன் ராஜாதான் சிவப்பு ராஜா. நாம் படையை நகர்த்திவிட்டு 'எண்ட் டர்ன்', அதாவது 'என் முறை முடிந்தது' என்ற பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் தன் படையை நகர்த்தும், பிறகு நாம். எதிராளியின் குணத்தை நாமே வைக்கலாம். சாதுவாக வைத்தால் அவன் தானுண்டு தன் வயலுண்டு என்று வாய்க்கால் வெட்டிக்கொண்டிருப்பான். நடுத்தரமாக வைத்தால் நம் பலம் தன் பலம் இரண்டையும் எடைபோட்டு, தோதுப்பட்டால்தான் வருவான். கடைசியாக ஒன்று உண்டு, ஆவேசம். அருள் குறும்புக்காரன், மாமாவிடம் சொல்லாமல் ஆவேசத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

யேசுதாஸ் முதல் சுவரை எழுப்புமுன் சிவப்பு ராஜா எல்லையில் நின்றான். சமாதானம் பேசினால் சரி என்பான், பேசிய கையோடு ஊரைக் கொளுத்துவான். தன் தலைநகருக்கு ஒரு காவலாளியைக்கூட விட்டுவைக்காமல் கிழவன் குமரன் எல்லாரையும் திரட்டிக்கொண்டு வருவான். முன்வரிசை மொத்தமும் செத்து விழுந்தாலும் பின்வரிசை அதே வழியில் வரும். எந்த இடத்தில் ஆள் குறைச்சலோ அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பான். பயம் கிடையாது, வெட்கம் கிடையாது, நேற்று தோற்றோமே என்ற நினைப்பும் கிடையாது. யேசுதாஸ் தோற்றான், மறுபடி தோற்றான், தோற்றுக்கொண்டே இருந்தான். அருள் வந்து, "சாதுல வச்சுத் தரட்டா மாமா?" என்று கேட்டபோது போனைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான். இப்படி ஒரு எதிரி கிடைத்தது அவனுக்குப் பெருமையாகவே இருந்தது.

ஒரு நாள் சிவப்புப் படை கோட்டைக் கதவை முட்டிக்கொண்டிருந்த சமயத்தில் ஓரிக்கைக்குச் சவாரி வந்தது. எல்லாம் போச்சு என்று போனைப் பையில் போட்டுவிட்டுப் போனான். திரும்பி வந்து பார்த்தால் கதவு அப்படியே இருக்கிறது. ஓங்கிய ஈட்டி ஓங்கியபடி இருக்கிறது. ஒரு சிப்பாய்கூட ஓரடி முன்னால் வைக்கவில்லை.

பிறகு மாசித் திருவிழா வந்தது. அந்த நாட்களில் ஆட்டோக்காரனுக்குச் சோறு தின்னவே நேரமிருக்காது, விளையாட்டு எங்கே? திருவிழா முடிந்து கூட்டம் வடிந்த பிற்பாடு போனைத் திறந்தான். சிவப்பு ராஜா அதே வாசலில் நின்றான், ஓங்கிய ஈட்டியோடு, உன் முறை முடியட்டும் என்று. யேசுதாசுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இவனா நம்மைக் கொல்ல வந்தவன்!

அருளிடம் சொன்னபோது அவன் சிரித்தான்.

"அது புரோகிராம் மாமா. நீ எண்ட் டர்ன் அழுத்தற வரைக்கும் அதால அசைய முடியாது. நீ பத்து வருஷம் விட்டாலும் நின்னுக்கினேதான் இருக்கும்."

"அ... அந்த மாதிரி இருக்கணும்னு எவனோ ஒருத்தன் யோசிச்சு எழுதியிருக்கான் இல்ல?" என்றான் யேசுதாஸ்.

யேசுதாசுக்கு அன்று முழுக்க வேறு நினைப்பில்லை. நாட்டையே விழுங்க வருகிறவன் என் முறையைத் தொடமாட்டேன் என்கிறான். எனக்கு நல்லது நினைக்கிறவர்கள்தான் அதை எடுத்துக்கொள்கிறார்கள். இதை எண்ண எண்ண அவனுக்கு வியப்பு அடங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஸ்டாண்டை ஒட்டிக் கால்வாய் வேலைக்குப் பள்ளம் தோண்டினார்கள். இடம் சுருங்கிப்போயிற்று. ஒரு வண்டி வெளியேறித்தான் ஆக வேண்டும், ஓரிக்கை ஸ்டாண்டுக்குப் போய்விடலாம் என்று பேச்சு. ஓரிக்கையில் மணிமண்டபம் பார்க்க எப்போதாவது யாராவது வருவார்கள், மற்றபடி பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். போகிறவன் பிழைப்பு பாதியாகிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். போகப்போகிறவன் யார் என்பதும் பேசாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"நீ சும்மா இருய்யா, நான் வந்து பேசிக்கிறேன்" என்றாள் பிரவீனா.

யேசுதாஸ் வேண்டாம் என்று தலையசைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டிகளுக்கு நடுவே எல்லாரும் கூடினார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். யேசுதாஸ் வாயைத் திறந்தான். சிட்டிபாபு அவன் தோளில் கை போட்டார்.

"தாஸு நம்ம பையன், ஒண்ணும் சொல்லமாட்டான். முசரவாக்கத்துலேர்ந்து வர்றவனுக்கு அங்க நின்னா இன்னா, இங்க நின்னா இன்னா? ஓரிக்கைக்கு அவனே போறேங்கறான். அதாவது அவன் இன்னா சொல்றான்னா..."

"இருண்ணா. என் டர்ன் இன்னும் முடியல."

அது தங்கு தடையில்லாமல் வந்தது. சிட்டிபாபுவின் கை தோளிலிருந்து தானாக இறங்கியது.

அதன் பிறகுதான் யேசுதாஸ் அந்தக் காரியத்தைச் செய்தான். 'அம்மன் சன்னிதி' என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், நாக்கு நுனியில்தான் இருந்தது. அவன் அதைத் தள்ளிவிட்டு அந்தப் பொல்லாத எழுத்தையே பிடித்தான். "க..." என்றான். நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. யாரோ ஒருவர் சொல்லை எடுத்துக் கொடுக்க வாயெடுத்தார், அவன் உள்ளங்கையைக் காட்டினான். பேருந்து ஒன்று ஹாரன் அடித்தபடி கடந்தது. புடவைப் பையோடு ஒரு அம்மாள் வந்து, "ஆட்டோ வருமாப்பா?" என்றாள். ஒருவரும் அசையவில்லை. அந்த அம்மாளும் என்ன ஏது என்று புரியாமல் நின்றுவிட்டாள். மத்தியான வெயிலில் அத்தனை பேரும் ஒரு மனிதனின் ஒரு சொல்லுக்காக நின்றார்கள். அதைப் பார்த்து அவனுக்கே ஒரு கணம் பயமாக இருந்தது.

"காமாட்சி அம்மன் கோயில் ஸ்டாண்டு என்னுதும்தான். நான் போவமாட்டேன்."

சொல்லிவிட்டு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"முடிஞ்சுதுண்ணா. இப்ப நீ பேசு."

சிட்டிபாபு வாயைத் திறந்தார். பேச்சு அவருக்குச் சிக்கி யாரும் பார்த்ததில்லை, அன்று சிக்கியது.

"முறை வச்சுக்கலாம் பா" என்றார் கடைசியில். "ஆளுக்கு ஒரு நாள் ஓரிக்கை. மொத நாள் நான் போறேன்."

புடவைப் பை அம்மாளை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி கிளம்பியது. யேசுதாஸ் தன் வண்டிக்குள் போய் உட்கார்ந்தான். போனை எடுத்துத் திறந்தான். சிவப்பு ராஜா வாசலிலேயே நின்றிருந்தான், ஈட்டி ஓங்கியபடி, கண் இமைக்காமல்.

"வா ராஜா" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினான்.

அழுத்திய விரலை எடுக்குமுன் ராஜா கோட்டைக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.