ஊசியைத் திருப்பி அனுப்பிய ரவ்தா

அத்பரா ஊரில் ரவ்தாவின் கிஸ்ரா ரொட்டிக்கு இணை கிடையாது. தணல் மேல் காயும் இரும்புத் தகட்டின் முன்னால், தரையோடு தரையாகக் கிடக்கும் முக்காலியில் உட்கார்ந்து, புளித்த சோளமாவை ஓலைத் துண்டால் அவள் இழுத்துவிட்டால், எதிரே நிற்பவர் முகம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வரும். ரயில் பட்டறை ஆட்களில் பாதிப் பேருக்கு மதியச் சாப்பாடு அதுதான். அந்த முக்காலியில் இப்போது அவளால் உட்கார முடியவில்லை.

தலைப்பிரசவம். சிறுமியாக இருந்தபோது ஊர் வழக்கப்படி பிறப்புறுப்பை அறுத்துத் தைத்து மூடிய இடம் பிள்ளைக்கு வழிவிடவில்லை. மருத்துவச்சி ஹவ்வா கத்தி வைத்தாள்; அதற்கும் மேலே கிழிந்தது. ரத்தம் நிற்காமல், பட்டறை லாரியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பையன் பிழைத்தான், அவளும் பிழைத்தாள். கிழிந்ததை மட்டும் தைத்து அனுப்பினார்கள்.

"மிச்சத்த நாப்பது நாள் முடிஞ்சதும் நாங்க பாத்துக்குறோம்" என்றாள் மாமியார் ஹாஜா பத்தூல்.

மிச்சம் என்றால், திறந்ததை மறுபடி தைத்து மூடுவது. அதற்கு அங்கே பெயர் சரிபண்ணுவது. பிள்ளை பெற்றவள் நாற்பது கழிந்ததும் மறுபடி புதுப்பெண் ஆகவேண்டும்: மருதாணி, புகைக்குளியல், புதுத்துணி, புருஷன் கையால் தங்கம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஊசி. யாருக்காக என்று கேட்டால் பெண்கள் ஆண்களைக் கைகாட்டினார்கள். ஆண்களோ, அது பொம்பளை விவகாரம் என்று வாசலுக்கு நழுவினார்கள். இரண்டு தரப்புக்கும் நடுவில் ஊசி மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தன் வேலையைத் தவறாமல் பார்த்து வந்தது.

ரவ்தா ஒருக்களித்தே படுத்துக் கிடந்தாள். சிறுநீர் கழிக்கத் துணியைக் கடித்துக்கொண்டாள். அந்தப் படுக்கையில்தான் முடிவெடுத்தாள்: இனி இந்த உடம்பில் ஊசி ஏறாது.

நாற்பதுக்கு முந்தைய நாள் காலையில், புகைக்குழிக்கு அக்கேசியா விறகை அடுக்கிக்கொண்டிருந்த மாமியாரிடம் போய் நின்றாள்.

"அத்தை, எனக்கு வேணாம்."

"எது? மருதாணியா?"

"ஊசி."

பத்தூல் நிமிர்ந்தாள். "சும்மா இருடி. ஒவ்வொரு பிள்ளைக்கும் என்னைச் சரிபண்ணாங்க. செத்தா போய்ட்டேன்?"

"சாகல. ஆனா மாமா வாசல்ல இருமினா இன்னிக்கும் முழங்காலை இறுக்கிக்குறீங்களே."

"வாயப் பாரு! எம்புள்ள ரெண்டாவது ஒருத்திய கொண்டாருவான், அப்பத் தெரியும்."

"கொண்டாரட்டும். அவளுக்கும் நானே கிஸ்ரா சுட்டுப் போடுறேன். என்னால உக்கார முடிஞ்சா!"

வாய் வீராப்பாகப் பேசினாலும் உள்ளே பயம் இருந்தது. இதைத்தான் புருஷன் கேட்கிறான் என்று மாமியார் பலமுறை சொல்லியிருந்தாள். கேட்கிறானா என்று அவனையே கேட்கும் வழக்கம் அந்தத் தெருவில் எவளுக்கும் இல்லை.

மதியம் புருஷன் பாபிகிர் பட்டறையிலிருந்து வந்தான். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, துணியில் சுற்றிய வளையலைக் கூச்சத்தோடு நீட்டினான்.

"நாளைக்குக் குடுக்கணுமாம். அம்மா சொன்னாங்க."

"எதுக்கு?"

"அதான்... நீ சரிபண்ணிக்கறதுக்கு."

"உனக்கு அது வேணுமா?"

அவன் கண் வாசலைத் தேடியது. "அது பொம்பளைங்க..."

"வாசலைப் பாக்காத, என்னைப் பாரு. தைச்சு மூடணும், நீ மறுபடி முட்டிமோதணும், நான் துணியக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கணும். அதுவா வேணும் உனக்கு?"

பாபிகிர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "கல்யாணமான புதுசுல விடியுறதுக்கு முன்னாடியே பட்டறைக்கு ஓடுவேனே, வேலைக்குன்னா நெனச்ச? உன் மூஞ்சிய பாக்க முடியல. உனக்கு வலிச்சுது, எனக்கும் வலிச்சுது. யார்கிட்ட சொல்ல? சொன்னா சிரிப்பானுங்க."

"அப்புறம் எதுக்கு வளையல்?"

"நீ கேக்குறதா அம்மா சொன்னாங்க."

"நீ கேக்குறதா என்கிட்ட சொன்னாங்க!"

ரவ்தாவுக்குச் சிரிப்பு வந்தது. தையல் சுண்டியது, நிறுத்த முடியவில்லை. பிறகு, சிரிப்பு அடங்கிய இடத்தில் கோபம் வந்தது.

"அப்பவே வாயத் திறந்திருந்தா என் வலி பாதியாயிருக்கும், மடையா."

அவன் வளையலைத் துணியோடு பைக்குள் போட்டுக்கொண்டான்.

மறுநாள் ஹவ்வா பையோடு வந்தாள். பின்னாலேயே மருதாணிக் கிண்ணமும் குலவையுமாகத் தெருப் பெண்கள். ரவ்தா கதவை மறித்து நின்றாள்.

"வா தாயீ, டீ குடி. பைய மட்டும் திறக்காத."

"என்ன பேச்சு இது? புருஷன் கேட்டா என்ன சொல்லுவ?"

"அவன்கிட்டயே கேட்டுட்டேன். வேணாம்னுட்டான்."

குலவை நின்றது. "கேட்டியா? வாயால?" என்றாள் ஒருத்தி.

ஹவ்வா முகம் சிவந்தாள். "நாளைக்கு அவன் உன் உடம்புல குறை சொல்லிக்கிட்டு நிப்பான். அப்ப என்கிட்ட ஓடிவராத."

"வருவேன். அவன் வாயத் தைக்க உன்னைத்தான் கூப்பிடுவேன்."

முற்றமே சிரித்தது. பத்தூல் மட்டும் சிரிக்கவில்லை. ஹவ்வா டீயைக் குடித்துவிட்டு, கட்டவிழ்க்காத பையோடு போனாள்.

புகைக்குழியை மட்டும் ரவ்தா விடவில்லை. கம்பளியைப் போர்த்துக்கொண்டு, மெல்ல, மிக மெல்ல, விறகுப் புகைமேல் உட்கார்ந்தாள். உட்கார முடிந்தது. அந்த மணம் அன்று அவளுக்கே அவளுக்கானது.

மாலையில் பாபிகிர் வளையலை மறுபடி எடுத்தான்.

"அதான் தைக்கலையே" என்றாள்.

"தைக்காததுக்கு."

அதற்காக அன்றே அவனைச் சேர்த்துக்கொண்டுவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். காயம் ஆறவேண்டும், அதற்குமேல் பயம் ஆறவேண்டும். பையன் குப்புற விழுந்து தலைதூக்கும் காலம்வரை பாபிகிர் காத்திருந்தான். அப்புறம் வெள்ளிக்கிழமை மதியங்களில், பிள்ளை பாட்டியிடம் இருக்கும் வேளையில், அவள் அவன் கையைப் பிடித்து வழிகாட்டினாள். இங்கே வலிக்கும், இங்கே வலிக்காது, மெதுவாக, நில்லு. நில்லு என்றால் நின்றான். சில வெள்ளிக்கிழமைகள் அந்தச் சொல்லோடு முடிந்து, டீயும் பேச்சுமாகக் கழிந்தன. ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு அந்தச் சொல்லே மறந்துபோனது. மறந்ததை நினைத்து வெட்கமில்லாமல் சிரித்தாள்.

முக்காலி பழையபடி தகட்டின் முன்னால் வந்தது. ஒருநாள் மாவு இழுத்துக்கொண்டிருந்தபோது பத்தூல் அருகில் வந்து நின்றாள். ஊசி திரும்பிப் போன நாளிலிருந்து அவள் மருமகளிடம் சரியாகப் பேசவில்லை. இப்போதும் முகத்தைப் பார்க்காமல் தணலைப் பார்த்தே கேட்டாள்.

"அப்படியே விட்டுட்டியே... வலிக்காதா?"

"எப்பவாவது வலிக்கும் அத்தை. நில்லுன்னு சொல்லுவேன்."

"சொன்னா?"

"நிறுத்திடுவான்."

தகட்டில் கிஸ்ரா ஓரம் கருகியது. ரவ்தா அதைத் தூக்கிப் போடவில்லை. பத்தூல் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நிறுத்துறானா?" என்றாள்.